எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்

மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நாம் அறிந்த நபிமொழி. உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவர் தெளிவடையும் வரை அவர்களின் செயல்கள் குற்றமாகப் பதியப்படுவதில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், விபச்சாரக் குற்றத்திற்காக மனநோயுற்ற பெண்ணொருத்திக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் இந்நபிமொழியை நினைவூட்டவே, அப்பெண் விடுவிக்கப்பட்டாள். அபூதாவூதில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இப்பாடத்தை நான் நடத்துகையில் ஒரு மாணவர் கேட்டார்: "உஸ்தாத், தண்டனை இல்லையென்றால், அதன்பின் அவர் எங்கே போவார்?"

எளிய வினாதான், ஆயினும் சமுதாயம் முழுவதும் விடை சொல்ல வேண்டிய வினா.

நம் நாட்டுச் சட்டமும் இந்நெறியை ஏற்றுள்ளது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக உள்ளது. மனநோயால், தாம் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாதிருந்தவர் குற்றவாளி ஆகார். அத்தகையவரைப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவும், தக்க பொறுப்பேற்கும் உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

மருத்துவமனையில் மருந்து அவரது மாயக் குரல்களை அடக்கும். வீண் சந்தேகங்களைத் தணிக்கும். ஆனால், தெளிவு பிறந்த பின்னரே பெருந்துயரம் தொடங்குகிறது. பெற்ற தாயைத் தாக்கியவர், தம் கை செய்ததை அப்போதுதான் முழுமையாக உணர்கிறார். அத்துயரத்திற்கு மாத்திரை மட்டும் போதாது. ஆகவேதான் மனநல, சமூகநலப் பணியாளர்கள் அவருடன் அமர்ந்து பேசுகின்றனர், கைத்தொழில் கற்பிக்கின்றனர், உறக்கம் குறைதல் போன்ற முன்னறிகுறிகளை இனங்காணப் பழக்குகின்றனர். மருந்தைத் தவறவிடாமல் கொடுக்கவும், கடிந்து பேசாதிருக்கவும் குடும்பத்தாருக்கு வழிகாட்டுகின்றனர்.

இத்தனைக்குப் பின்னும் வாசல் திறக்காவிட்டால்?

அஸ்ஸாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் மருத்துவர்கள் அவர் நலமடைந்ததாகச் சான்றளித்தனர். அவரோ வீட்டுக்கன்றி, குவஹாத்தி சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணையின்றியே 54 ஆண்டுகள் கழிந்து, 2005இல்தான் விடுதலை பெற்றார். வாலிபராகச் சென்றவர் முதியவராகத் திரும்பினார்!

அன்புச் சகோதர சகோதரிகளே! பாதிக்கப்பட்டோரின் வேதனை உண்மையானது. குடும்பத்தாரின் அச்சமும் நியாயமானதே. மருத்துவரின் ஆலோசனையின்றி எவரையும் அழைத்து வரச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனைக்குச் சென்று நலம் விசாரிக்கலாமே! பெருநாளன்று ஒரு புத்தாடை அனுப்பலாமே! அவருடைய தங்கைக்கு வரன் பேசும்போது, அண்ணனின் நோயைக் காரணம் காட்டி விலகாதிருக்கலாமே! திரும்பி வந்தவருக்கு ஸலாம் சொல்லி, தொழுகை வரிசையில் நம் தோளருகே இடம் தரலாமே!

அல்லாஹ் எழுதாமல் விட்டதை, நாம் அவருடைய நெற்றியில் எழுதாதிருப்போமாக! ஆமீன்.