லேப்டாப்பில் 14 ஜி.பி... ரெக்கவரியை நீக்கலாமா, வேண்டாமா?

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு வயது ஐந்து. 256 ஜி.பி எஸ்.எஸ்.டி. தங்கையின் காலேஜ் புராஜெக்ட், அப்பாவின் இன்சூரன்ஸ் ரசீதுகள், நான் எடுத்த வீடியோக்கள் என எல்லாம் அதில்தான். சி டிரைவ் சிவப்பைக் காட்ட ஆரம்பித்து சில மாதங்கள் ஆகிவிட்டன. எங்கே இடம் கிடைக்கும் என்று தேடியபோது கண்ணில் பட்டது, வாங்கும்போதே கம்பெனி போட்டுக்கொடுத்த ரெக்கவரி சாஃப்ட்வேர். அதற்கென ஒதுக்கிய பார்ட்டிஷன் மட்டும் 14 ஜி.பி!

"ஒருநாள்கூட அதைத் திறந்ததில்ல. தூக்கிடுக்கா" என்றாள் தங்கை.

அப்பா பதறிவிட்டார். "ஏம்மா, பாட்டி போட்டோ எல்லாம் அதுலதானே பத்திரமா இருக்கு?"

பாட்டி இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அந்தப் படங்களை எடுத்த போன் எப்போதோ செத்துவிட்டது. மிச்சம் இருப்பது இந்த லேப்டாப்பின் ஒரே ஒரு ஃபோல்டரில். 'ரெக்கவரி' என்ற பெயரைப் பார்த்து, தொலைந்தாலும் அது மீட்டுத் தரும் என்று அப்பா நம்பியிருக்கிறார்.

உண்மையில் அது மீட்பது லேப்டாப்பைத்தான். நம் ஃபைல்களை அல்ல. முன்பு கம்ப்யூட்டர் வாங்கினால் சி.டி தருவார்கள். பிறகு அதையே டிஸ்க்கின் ஒரு மூலையில் வைத்துத் தர ஆரம்பித்தார்கள். உள்ளே இருப்பது விண்டோஸ், டிரைவர்கள், கம்பெனியின் ஆப்கள். வாங்கிய அன்று இருந்த நிலைக்கு லேப்டாப்பை முழுதாகத் திருப்பினால், முதலில் காணாமல்போவது பாட்டியின் போட்டோக்கள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெக்கவரி பார்ட்டிஷன் இருப்பதும் அதே எஸ்.எஸ்.டி-யில். அது பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஸ்பேர் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிற கதைதான்!

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடலாமா? அதுவும் கூடாது. டிஸ்க்கில் இன்னொரு சின்ன ரெக்கவரி பார்ட்டிஷன் இருக்கும்; பெரும்பாலும் 1 ஜி.பி-க்குள். அது விண்டோஸுக்குச் சொந்தமானது. லேப்டாப் ஆன் ஆகாமல் தகராறு செய்யும்போது 'ரிப்பேர்' திரை அதிலிருந்துதான் வரும். அதைத் தொடவே கூடாது. பெரிய பார்ட்டிஷனை அழித்தாலும், அந்த இடம் சி டிரைவுக்குத் தானாகப் போய்ச் சேராது; பக்கத்திலேயே இல்லையென்றால் எளிதாகச் சேர்க்கவும் முடியாது.

அதனால் வேலையை வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் பாட்டி. போட்டோக்களை எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி, கிளவுடில் ஒரு காப்பி. அடுத்து, 32 ஜி.பி பென் டிரைவில் விண்டோஸின் 'ரெக்கவரி டிரைவ்' வசதி மூலம் ஒரு மீட்பு டிரைவ். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதை அது அழித்துவிடும் என்பதால் காலியானதையே எடுத்தேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் பெரும்பாலான லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே எடிஷனைத் திரும்பப் போட்டால், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இத்தனையும் முடிந்த பிறகு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். பழைய வீடியோக்களும் இரண்டு மூன்று முறை இறங்கிய ஃபைல்களுமாக 40 ஜி.பி! அதைக் காலி செய்ததும் சிவப்பு மறைந்தது. கம்பெனியின் ரெக்கவரி ஆப்பை செட்டிங்ஸில் போய் அன்இன்ஸ்டால் செய்தேன். 14 ஜி.பி பார்ட்டிஷனை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். அவசரம் இல்லாதபோது எதற்கு ரிஸ்க்?

ஹார்டு டிஸ்க்கை அப்பா வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டினார். நீங்களும் எதையாவது நீக்கும் முன், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "முக்கியமான போட்டோ எல்லாம் எங்கே இருக்கு?" வரும் பதில் உங்களையும் பதறவைக்கலாம்!