அட்மின் ராஜ்ஜியம்!

பாஸ், எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல 58 பேர். அதுல 11 பேர் அட்மின்! 'குட்மார்னிங்' போட்டா எச்சரிக்கை, மீம் போட்டா ஒரு வாரம் வனவாசம்.

போன மாசம் ஒருத்தன் டூர் பணத்துக்குக் கணக்கு கேட்டான். 'குரூப் அமைதிக்குப் பங்கம்'னு உடனே ரிமூவ்!

லீவுக்கு எங்க ஊர் பிரம்மதேசம் போனப்ப இதைச் சொன்னேன். தாத்தா சிரிச்சார். "உத்திரமேரூர் கல்வெட்டு படிச்சிருக்கியா? கி.பி. 921, பராந்தக சோழன் காலம். வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் பேரைக் குடவோலையில எழுதவே கூடாது. அவன் சொந்தக்காரன் பேரும் கூடாது. நீங்க கணக்கு கேட்டவனையே தூக்கிட்டீங்களேடா!"

அசடு வழிஞ்சேன். ஏன்னா, 'ரிமூவ்' அமுக்கினதே நான்தான்.

அவனைத் திரும்பச் சேர்த்து, கணக்கையும் போட்டுட்டேன். இப்ப மத்த பத்து அட்மினும் தனி குரூப்ல விவாதிக்கிறாங்க... என்னை ரிமூவ் பண்ணலாமானு!

ஆமா, உங்க குரூப்ல யாராவது கணக்கு கேட்டிருக்கீங்களா?