மெத்தை இல்லாத பாதம்

மதுரை அவனியாபுரத்தில் மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்த்துப் பழுது சொல்லத் தெருவுக்கு நாலு பேர் உண்டு. தை முதல் நாள் வாடிவாசலுக்குப் போகிற காளையின் நடையில் சின்னப் பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். முயலின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 15 வருஷமாக முயல் வளர்க்கிறேன் என்பதால், அக்கம்பக்கத்தில் ஒரு முயல் நொண்டினால் பிள்ளைகள் என்னிடம் தூக்கி வருகிறார்கள்.

போன சித்திரையில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் அட்டைப்பெட்டியோடு வந்தான். "அத்தை, ரெண்டு நாளா சரியா திங்க மாட்டேங்குது. உக்காந்த எடத்துலயே இருக்கு."

முயலை நெஞ்சோடு அணைத்து, பின்பக்கத்துக்குக் கை கொடுத்துத் தூக்கினேன். அப்படித் தாங்காவிட்டால், மிரண்டு உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பையே அது முறித்துக்கொள்ளும். இடது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் சிவந்து பளபளத்தது. நடுவில் காய்ந்த பொருக்கு. வலது காலில் முடி அப்போதுதான் நைய ஆரம்பித்திருந்தது.

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் சதைமெத்தை உண்டு. முயலுக்கு அது கிடையாது. அடர்ந்த முடிதான் மெத்தை. கம்பி வலையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் உடம்பின் பாரமெல்லாம் குதிகாலில் இறங்குகிறது. முடி தேய்ந்தபின் எலும்புக்கும் கம்பிக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகிறது. உடம்பு பெருத்த முயலுக்கும், முடி குட்டையான ரெக்ஸ் இனத்துக்கும் சீக்கிரமே வரும். நகம் வளர்ந்துவிட்டாலும் விரல் ஊன்றாமல் பாரம் பின்னுக்குப் போய்விடும்.

"கூண்டுக்குள்ள என்ன விரிச்சிருக்கீங்க?"

"ஈரச்சாக்கு அத்தை. வெயிலுக்கு அம்மா நனைச்சுப் போட்டாங்க."

மதுரையில் முயலின் காலைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பாசம்தான். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்க்கிறார்கள். அங்கே குளிர் இருக்கிறது. இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். 30 தாண்டினாலே முயல் தவித்துப்போகும், அதற்கு வியர்க்காது. குளிர்ச்சி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஈரத்தில் ஊறிய தோலில் கிருமி சுலபமாக ஏறும். அதனால் நான் சாக்கைத் தரையில் போடுவதில்லை. கூண்டின் மேற்குப் பக்கம் வெளியே நனைத்துத் தொங்கவிடுகிறேன். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலும் கம்பிக்கு வெளியேதான் சாய்ந்திருக்கும்.

கம்பி மேல் கோரைப்பாய் போட்டு, நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த புல்லோ வைக்கோலோ பரப்பச் சொன்னேன். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் விடும். அந்த மூலையைக் காலையும் மாலையும் மாற்றினால் போதும். பிளாஸ்டிக் பாய் கூடவே கூடாது, கடித்துத் தின்றால் குடலை அடைக்கும். மொசைக் தரை குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் கல்லும் வழுக்கலும் குதிகாலுக்கு ஆகாது.

புண்ணை, காய்ச்சி ஆறிய உப்புநீரில் கழுவி ஒற்றியெடுத்தேன். பொருக்கைப் பிய்க்கவில்லை. சுற்றியிருந்த முடியையும் வெட்டவில்லை. மிச்சமிருக்கும் மெத்தை அதுதான். வீக்கம் இருந்ததால், சாயங்காலமே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். முயலின் சீழ் கெட்டித்தயிர் போல உறைந்து நிற்கும், தானாக வடியாது. விட்டால் எலும்பு வரை போகும். நம் வீட்டு ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்து மட்டும் யாரும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகள் வாய்வழியாகப் போனால், முயல் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலே செத்துப்போகும். இதை வாசலில் நின்றுகொண்டே அவன் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஆனி முடியும்போது முயலோடு வந்தான். வலது காலில் முடி மூடிவிட்டது. இடது குதிகாலில் மட்டும் ஒரு மிளகளவு மொட்டையாகவே இருக்கிறது. அந்த இடத்தில் இனி முளைக்காமலே போகலாம். ஞாயிற்றுக்கிழமை நகம் பார்க்கும்போது அதையும் விரலால் தடவிப் பார்ப்பதாகச் சொன்னான்.