ரிஃப்ளெக்டரை மடிக்கத் தெரிந்த பையன்

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் இருக்கிற அந்த ஸ்டுடியோவில் நேர்முகத் தேர்வு என்று தனியாக ஒன்றும் கிடையாது. 'உதவியாளர் தேவை' தாளைப் பார்த்து உள்ளே வருகிற பையனிடம் கடைக்காரர் ஒரு வட்டப் பையைக் கொடுப்பார். ஜிப்பைத் திறந்ததும் ரிஃப்ளெக்டர் படக்கென்று விரிந்து ஆளையே ஒரு அடி பின்னால் தள்ளும். "மறுபடி பைக்குள்ள போடு தம்பி." பரீட்சை அவ்வளவுதான். இரண்டு விளிம்பையும் எதிரெதிராக முறுக்கினால் மூன்று வளையமாகச் சுருண்டு அடங்கிவிடும். தெரியாதவர்கள் தரையில் போட்டு முழங்காலால் அழுத்துவார்கள்.

முதல் தடவை யாருக்கும் வராது என்பது அவருக்கும் தெரியும். வராதபோது பையன் முகம் சுளிக்கிறானா, முரட்டுத்தனமாக வளைக்கிறானா, "ஒரு தடவ நீங்க காட்டுங்கண்ணே" என்று கேட்கிறானா என்றுதான் பார்க்கிறார். கேமரா தெரியுமா என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்க்கவில்லை. "கேமரா இப்ப எல்லாருக்கும் தெரியுதுங்க. யூடியூப்ல பார்த்துட்டு வந்து எனக்கே அப்பர்ச்சர் சொல்லித் தரானுங்க. லைட்டு புடிக்கத்தான் ஆள் இல்ல."

லைட் பிடிப்பது செஞ்சியில் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது கோட்டைக்குப் போனால் புரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பாறை உருண்டைகளை அடுக்கிவைத்த குன்றுகள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 கோட்டைகள் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்து, முகலாயப் படையைப் பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்திவைத்ததும் இங்கேதான். கல்யாண ஜோடிகளுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டாம். மாடி மேல் மாடியாக எழுந்து கூம்புக் கூரையோடு முடிகிற அந்தக் கோபுரத்துக்குக் கல்யாண மகால் என்று பெயர் இருக்கிறதே, அது போதும்.

படக்காரர்களுக்கு இங்கே வசதிகள் குறைவு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அனுமதி இல்லாமல் முக்காலி வைக்க முடியாது, ட்ரோன் பறக்கவிட முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் வாயில் திறக்கும். சாயங்காலப் பொன்வெயில் இறங்குவதற்குள் காவலர் விசிலடிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே கிடைப்பதெல்லாம் உச்சி வெயில். நெற்றிக்குக் கீழே கண் இரண்டும் குழியாகக் கறுத்துப்போகிற வெளிச்சம். அதைச் சரிசெய்ய அந்த மடிப்புத் தட்டு ஒன்றுதான் துணை.

ஓர் அவுட்டோர் ஷூட்டுக்கு அவர்களோடு நானும் போனேன். ஏற்கெனவே வேலையில் இருக்கிற உதவியாளருக்கு இருபது வயதுக்குப் பக்கம் இருக்கும். வெள்ளிப் பக்கத்தைக் காட்டினால் மணப்பெண்ணுக்குக் கண் கூசுகிறது என்று யாரும் சொல்வதற்கு முன்பே தட்டைத் திருப்பி வெள்ளைப் பக்கத்துக்கு மாற்றினார். மேகம் ஒன்று நகர்ந்ததும் இரண்டடி முன்னால் வந்தார். கடைக்காரர் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை லேசாக உயர்த்துவார், தட்டு உயரும். நடுவில் குரங்கு ஒன்று லென்ஸ் பையை நோக்கி வந்தது. தட்டு அசையவே இல்லை. ஒரு காலால் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதெல்லாம் வெளியே தெரிகிற வேலை. மண்டபத்து வேலை வேறு மாதிரி. கெட்டிமேளம் முழங்கியதும் மேடையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் சுவர் எழுப்பிவிடுவார்கள். அட்சதை பறக்கும். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் நாத்தனார் பின்னாலிருந்து வாங்கி முடிப்பார். லைட் ஸ்டாண்டோடு நிற்கிறவருக்கு நாத்தனார் யார், எந்தப் பக்கமாக வருவார் என்று முந்தின இரவே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் படம் நிழலோடுதான் வரும். இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியாது. மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமண நயினார் வீட்டு முறை வேறு, மேல்மலையனூர்ப் பக்கத்து முறை வேறு. தாய்மாமன் முகத்தில் வெளிச்சம் விழாமல்போய் ஆல்பம் திரும்பி வந்த கதை இந்தத் தொழிலில் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. உதவியாளருக்கு வேண்டியது உறவுமுறை ஞானம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே குறை: பசங்க நிற்பதில்லை. ஒரு வருஷம் லைட், அப்புறம் பந்தியில் சாப்பிடுகிறவர்களை எடுக்க ஒரு பழைய கேமரா, அப்புறம் ரிசப்ஷன் மேடை, அப்புறம் ஒருநாள் எதிர்த் தெருவில் புது போர்டு. தொழில் கற்றவன் தனிக்கடை போடுவதில் என்ன ஆச்சரியம்? இந்தக் கடைக்காரரும் திருவண்ணாமலையில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்துவிட்டு வந்தவர்தான். கடையில் இருக்கும்வரை உதவியாளரின் பெயர் வெளியே தெரியாது என்பதும் பழைய கதைதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களுக்குப் போய் 1880 முதல் நூறாண்டுகளின் படங்களைத் தேடி மின்படியாக்கினார்கள். அந்தக் காலத்து இருட்டறைகளில் நெகட்டிவ் மீது பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்தவர்களில் பலர் பெயர் படத்தின் பின்னட்டையில் இருக்காது. கடையின் முத்திரைதான் இருக்கும். இன்றைக்கு ஆல்பத்தின் கடைசித் தாளும் அப்படித்தான்.

பசங்க நிற்காததற்குக் காரணம் எதிர்க்கடை ஆசை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. சம்பளம் முகூர்த்த நாளுக்கு மட்டும். வைகாசியிலும் ஆவணியிலும் தூக்கமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கையில் காசில்லை. அந்தக் கோட்டை உதவியாளர் போன ஆடியில் ஒரு துணிக்கடையில் தள்ளுபடி விற்பனைக்கு வேலைக்குப் போயிருக்கிறார். "அங்க உக்கார ஸ்டூல் போட்டிருந்தாங்கண்ணே" என்றார், சிரித்துக்கொண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு வரவேற்பிலிருந்து விடிந்து தாலி கட்டும்வரை லைட்டோடு நிற்பவருக்கு ஸ்டூல் போட வேண்டும் என்று மண்டபத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆள் கிடைக்காததால் பள்ளிக்கூடப் பையன்களைக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. இந்தக் கடைக்காரர் ஆதார் அட்டையைப் பார்க்காமல் யாரையும் சேர்ப்பதில்லை. அது அவர்மேல் எனக்கு மதிப்பைக் கூட்டியது.

பெண்கள் கேட்டு வருகிறார்களா என்றேன். மணப்பெண் அறைக்குள் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று வீட்டுக்காரர்களே இப்போது கேட்கிறார்களாம். விழுப்புரத்திலிருந்து ஒருவரை அந்தந்த நாளுக்கு வரவழைக்கிறார். ராத்திரி மூன்று மணிக்கு மண்டபத்திலிருந்து பத்திரமாக வீட்டில் விட வண்டி ஏற்பாடு செய்தால் உள்ளூரிலேயே ஆள் கிடைக்கும் என்று அவருடைய மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அலமாரியில் ஹார்டு டிஸ்க்குகள் பெயரெழுதி அடுக்கியிருந்தன. பாதிக்கும் மேல் ஆல்பம் போடாதவை. படம் தேர்ந்தெடுத்துத் தராமல் இழுக்கிற வீடுகள் ஒரு பக்கம், வடிவமைக்க நேரமில்லாத இவர் ஒரு பக்கம். பாக்கிப் பணமும் அதோடு தூங்குகிறது. ஆடி மாதத்துக்கான வேலை அந்த அலமாரியிலேயே இருக்கிறதே என்றேன். அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பாலிடெக்னிக் முடித்தவன். ரிஃப்ளெக்டர் இரண்டு முறை எகிறி, மூன்றாவது முறை அடங்கியது. சம்பளப் பேச்சு வந்தது: நாள் கூலி, சாப்பாடு, வெளியூர் என்றால் பேட்டா.

"ஆடி மாசத்துல என்னண்ணே பண்றது?"

கடைக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார். "கடைக்கு வா. போட்டோஷாப் சொல்லித் தரேன். ஆல்பம் போடு. அரைச் சம்பளம்."

"முக்கா போட்டுக் குடுங்கண்ணே."

"கத்துக்கவும் கத்துக்குவ, முக்காலும் கேப்பியா?"

"அம்மாகிட்ட கேட்டுட்டு சொல்றேண்ணே."

"அவங்களையும் கூட்டிட்டு வா. ராத்திரி எத்தன மணிக்கு வருவன்னு அவங்ககிட்டயே நான் சொல்லிடறேன்."