ஏடு கட்டும் சூடு

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் விரல்களைப் பற்றி எழுதப்போவதாகத் தொழிற்சங்க நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "விரலப் பத்தின்னா நீங்க வேக்ஸ் அண்ணனத்தான் பாக்கணும்" என்றார். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் நண்பருக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் வேக்ஸ் அண்ணன்தான்.

கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது அவர் வேலை பார்க்கும் பிசியோதெரபி மையம். முழங்கால் வலிக்காரர்களும் ஏறித்தான் ஆகவேண்டிய செங்குத்துப் படிகள். உள்ளே திரைச்சீலையால் தடுத்த கட்டில்கள், சுவரில் தோள்பட்டைக்கான சக்கரம், உத்தரத்திலிருந்து தொங்கும் கப்பி. கடைக்கோடியில் எவர்சில்வர் மெழுகுத் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல்தான் அண்ணனின் இடம்.

இங்கே கொடுக்கும் சூடு மூன்று வகை. ஒன்று ஹாட் பேக்: களிமண் தூள் அடைத்த கான்வாஸ் பை. 70 டிகிரிக்கு மேல் சூடேறிய நீர்த்தொட்டியில் ஊறிக்கிடக்கும். எடுத்து ஆறேழு மடிப்புத் துண்டு சுற்றி முதுகின் மேல் வைக்கிறார்கள். இன்னொன்று அகச்சிவப்பு விளக்கு. மூன்றாவது மெழுகு. மூன்றுமே மேற்சூடுதான். தோலைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. விரல் மூட்டுக்கு அது போதும், அங்கே எலும்பின் மேல் சதை குறைவு. இடுப்பு மூட்டுக்கு எட்டாது. விளக்கைப் பற்றி, அந்த மையத்தில் வேலை பார்க்கும் இளம் பிசியோதெரபிஸ்ட் எனக்கு நிறையச் சொன்னார்: எவ்வளவு தூரம், எந்தக் கோணம், தூரம் இருமடங்கானால் சூடு கால்பங்காவது ஏன். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கண் மெழுகுத் தொட்டியிலேயே இருந்தது.

தொட்டியில் கட்டி பாரஃபின் மெழுகு. ஏழு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு திரவ பாரஃபின் எண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய் சேர்ந்தால் மெழுகு குறைந்த சூட்டிலேயே உருகும், கையிலிருந்து உரிக்கவும் சுலபம். தெர்மோஸ்டாட் முள் 52க்கும் 54க்கும் நடுவே நிற்க வேண்டும். அண்ணன் முள்ளை ஒரு பார்வை பார்க்கிறார், அதோடு சரி. மூடியைத் திறந்து மெழுகின் மேல்பரப்பைத்தான் உற்றுக் கவனிக்கிறார். காய்ச்சி இறக்கிய பாலில் போல ஓரத்திலிருந்து மெல்லிய ஏடு கட்டத் தொடங்கும்போது, தன் முன்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறார். "மெஷினு பொய் சொல்லும். ஏடு பொய் சொல்லாது."

அன்று முதலில் வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு எலும்பு கூடிவிட்டது என்றார்களாம், ஆனால் விரல் மடங்கவில்லை. பீடி சுற்றுகிறவருக்கு விரல் மடங்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இலையை நறுக்கி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடித்து அடைப்பது வரை எல்லாம் விரல் நுனி வேலை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. விரல் நின்றால் கூலி நின்றது.

"இன்னாமா, ராத்திரி தூக்கம் வந்துச்சா? வளையலக் கழட்டிடு."

கையைக் கழுவச் சொல்லி ஈரம் போகத் துடைக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அந்த இடம் பொசுங்கும். கீறல், புண் உண்டா என்று விரலிடுக்கெல்லாம் பார்க்கிறார். பிறகு அவர் செய்ததுதான் என்னை அங்கேயே உட்கார வைத்தது. சட்டைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மாற்றி மாற்றி உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரல் என்று தொட்டார். "இது?" "சூடு." "இது?" "ஜில்லுனு கீது." நடுவில் இரண்டு முறை ஒரே குழாயையே தொட்டார், ஊகித்துச் சொல்கிறாரா என்று பார்க்க. இந்தப் பெண் நேற்றும் வந்தவர், முந்தாநாளும் வந்தவர். இருந்தாலும் சோதனை தினமும் உண்டு.

பிறகு முக்குகிறார். விரல்களை விரித்து, மணிக்கட்டு வரை இறக்கி, உடனே வெளியே. பளபளப்பு மங்கி வெளுக்கும்வரை பொறுத்து மறுபடி. இப்படி எட்டுப் பத்து முறை. முதல் முறை எங்கே கோடு விழுந்ததோ அதைத் தாண்டி அடுத்த முக்கு ஏறக் கூடாது. நடுவில் விரலை அசைக்கக் கூடாது. அசைத்தால் மெழுகு விரிசல் விடும், விரிசல் வழியே புதுச் சூடு நேராகத் தோலில் போய் உட்காரும். முடிந்ததும் பாலிதீன் உறை, அதன் மேல் துண்டு. பதினைந்து இருபது நிமிடம்.

52 டிகிரி வெந்நீரில் கையை இவ்வளவு நேரம் வைத்தால் கொப்பளம்தான். மெழுகில் ஏன் ஆவதில்லை? மெழுகு சூட்டை மெல்லத்தான் கடத்தும். தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். முதல் முக்கிலேயே தோலை ஒட்டிய படலம் இறுகி, பின்னால் வரும் சூட்டுக்குத் தடுப்பாகிவிடும். ஆனால் தோல் தாங்கும் எல்லை குறுகியது. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் இதை அளந்திருக்கிறார்கள். 44 டிகிரி சூடு தோலைக் கெடுக்கச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் 51 வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் பாதி பாதியாகக் குறைகிறது. சிகிச்சைக்குத் தேவை, திசு 40இலிருந்து 45க்குள் சூடாவது. பலனுக்கும் புண்ணுக்கும் நடுவே இருப்பது சில டிகிரிதான். அந்த இடைவெளியில் காவல் நிற்பது நோயாளியின் "சுடுது" என்ற ஒரு சொல். அந்தச் சொல் வராத உடம்பென்றால்?

அண்ணனின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய அம்மாவுக்குத் தொழுநோய். கையில் உணர்ச்சி இல்லை. அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குவாராம். "கறி தீயிற வாசன வருதுன்னு ஓடிப் போய்ப் பாத்தா, அம்மா கை. அது பாட்டுக்குச் சிரிச்சிக்கினு பேசிக்கினு இருக்கும்." அம்மாவோடு போய்ச் சேர்ந்த தொழுநோய் மருத்துவமனையில்தான் அவரும் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் சமையல்கட்டு, பிறகு பிசியோதெரபி பிரிவில் மெழுகு உருக்கும் வேலை.

இந்த வேலூர் வட்டாரத்துக்கு இதில் பெரிய வரலாறு உண்டு. 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளியின் விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாமல் படும் சூடும் காயமும்தான் தின்கின்றன என்று நிறுவினார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். 1955இல் பக்கத்திலேயே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் வந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் அந்த விரல்களை இளக்கி வைக்க மெழுகும் எண்ணெயும் பயிற்சியும் தேவைப்பட்டன. யாருக்குச் சூடு தெரியாதோ அவருக்கே சூடு கொடுக்க வேண்டிய வேலை. "அங்க நோயாளி சுடுதுன்னு சொல்ல மாட்டாரு. எங்க கைதான் அவங்களுக்குத் தோலு" என்றார் அண்ணன். முன்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது.

1980களில் கூட்டு மருந்து சிகிச்சை பரவியபின் தொழுநோய் குறைந்தது. 2005 முடிவில், தேசிய அளவில் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் நீங்கிவிட்டதாக அரசு அறிவித்தது. நல்ல செய்திதான். அண்ணனுக்கு மட்டும் வேலை போனது. கையில் சான்றிதழ் ஏதும் இல்லை. இப்போது இந்த மையத்தின் பதிவேட்டில் அவர் 'அட்டெண்டர்'.

ஆனால் அவர் கற்ற வித்தைக்கு வேலை குறையவில்லை. 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதில் எத்தனையோ பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிக்கொண்டிருக்கிறது. கால் மரத்துப் போகிறது, குடைகிறது என்று அவர்கள் வீட்டில் முதலில் தேடுவது வெந்நீர்ப் பை. பிராண்டே அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபின், தொழுநோயாளிக் கால்களில் கற்றதை நீரிழிவுக் கால்களுக்குக் கொண்டுபோனார். நான் இருந்தபோதே ஒரு பெரியவர் பாதத்துக்கு மெழுகு கேட்டு வந்தார். குழாய்ச் சோதனையில் இரண்டுக்கும் "ஒண்ணுமே தெரியலப்பா" என்றார். அண்ணன் குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு, "ஐயா, உங்களுக்கு வேக்ஸ் கெடையாது. மேடத்தப் பாருங்க, பாதத்தக் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு சிட்டிங் பணம் போனது. முதலாளி அங்கே இல்லை.

இருபது நிமிடம் கழித்து அந்தப் பெண்ணின் கையிலிருந்து மெழுகு கையுறைபோல் கழன்று வந்தது. அதைத் தொட்டியில் போடவில்லை. உருண்டையாக்கி அவர் உள்ளங்கையிலேயே வைத்துப் பிசையச் சொன்னார்கள். சூடு ஆறும் முன் இளம் பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து ஒவ்வொரு விரல் மூட்டையும் தனித்தனியாகப் பிடித்து மடக்கினார். சூட்டில் இளகிய திசுவை இழுத்தால் நீளும். ஆறவிட்டு இழுத்தால் வலிதான் மிச்சம். அந்த அறையில் நடந்ததில் நிஜ வைத்தியம் இதுதான். மெழுகு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவே. ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. மூட்டுவாதக் கைகளுக்கான 2002ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, மெழுகைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் பரிந்துரைக்கிறது, அதுவும் குறுகியகாலப் பலனுக்கு. முதுகுவலிக்கான 2006ஆம் ஆண்டுத் தொகுப்பில் சூட்டுப் பட்டைக்குக் கிடைத்ததும் சின்ன, தற்காலிக நிவாரணம்தான்.

இப்போது ரசீதைப் பாருங்கள். அந்தப் பெண் காட்டினார். வேக்ஸுக்கு ஒரு வரி, கரண்டு வைப்பதற்கு ஒரு வரி, அல்ட்ராசவுண்டுக்கு ஒரு வரி. விரலைப் பிடித்து மடக்கிய நேரத்துக்கு வரியே இல்லை. விலை போட்டது இயந்திரத்துக்கு, கைக்கு அல்ல. ஆகவே இயந்திரம் பெருகும், கை சுருங்கும். பல இடங்களில் பத்து சிட்டிங் பேக்கேஜ் என்று முன்பணம் வாங்கி, விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். நோயாளிக்கும் சுகமாக இருக்கிறது. வெதுவெதுப்பில் கண் சொக்குகிறது, வைத்தியம் நடந்ததாக நம்பி வீட்டுக்குப் போகிறார். விரல் மட்டும் மடங்குவதில்லை.

இதற்கு நடுவே உட்கார்ந்து தின்கிறவர்கள் வேறு. நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கேட்பவர் ஒருவர். வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்று ஒரு தொகை வாங்கி, பஸ் ஏறி வந்து வேலை பார்த்த பிள்ளைக்கு அதில் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கும் ஏஜென்சி இன்னொருவர். நாலரை வருடம் படித்துவிட்டு வருகிற பிள்ளை அது. அரசும் தாராளமாக இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு வீடாகப் போகிறார்கள். தொட்டியும் கிடையாது, விளக்கும் கிடையாது. வெந்நீரில் பிழிந்த துண்டும் இரண்டு கையும்தான். நான் பார்த்தவரை கையை நம்பி நடக்கும் வைத்தியம் அதுவே. அந்த வேலைக்கான ஒப்பந்த அறிவிப்புகளில் போட்டிருந்த மாதச் சம்பளம் 13,000 ரூபாய். பீடி முதலாளிக்கும் விரலுக்கும் நடுவில் தரகர் நின்றதுபோல் இப்போது விரலுக்கும் வைத்தியத்துக்கும் நடுவிலும் தரகர் நிற்கிறார். உழைக்கிற கை இரண்டு பக்கமும் ஏமாறுகிறது.

அண்ணனிடம் சம்பளம் கேட்டேன். சொன்னார், எழுத வேண்டாம் என்றார். "சர்ட்டிபிகேட் இல்லாதவனுக்கு இது போதும்னு நெனைக்கிறாங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட், அவர் போன பிறகு. "குழாய் டெஸ்ட்ட காலேஜ்ல ஒரு மார்க் கேள்வியாத்தான் படிச்சேன் சார். இவர்கிட்ட வந்துதான் அத தினமும் செய்யணும்னு தெரிஞ்சுது."

பத்து நாள் சூடு வைக்கணும் என்று யாராவது சொன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். வைக்கும் முன் என் தோலுக்குச் சூடு தெரிகிறதா என்று சோதிப்பீர்களா? வைத்த பிறகு என் கையை யார் பிடிப்பார்கள், எவ்வளவு நேரம்? இரண்டுக்கும் பதில் வராத இடத்தில் நீங்கள் கட்டுவது கரண்டு பில். அந்தச் சூடு போதும் என்றால் வீட்டில் வெந்நீர் இருக்கிறது, துண்டு இருக்கிறது. தொட்டால் சூடு தெரிகிற தோலாக இருந்தால் மட்டும்.