காரில் ஸ்கீ கொண்டுபோன கதை



கால்கரியில் மகள் வீட்டுக்குப் போனேன் என்றதும், "டீச்சர், பனியில் சறுக்கினீங்களா?" என்று பலர் கேட்டீர்கள். 70 வயதில் எனக்கு அந்த ஆசை இல்லை. ஆனால் ஸ்கீயைக் காரில் ஏற்றுவதில் நான் உங்களுக்கு நடத்திய பாடம் அப்படியே இருக்கிறது.

ஸ்கீ என்பது கிட்டத்தட்ட ஆளுயரப் பலகை ஜோடி. நுனி மேலே வளைந்திருக்கும். ஓரத்தில் எஃகுப் பட்டை, நடுவில் பூட்ஸை மாட்டும் கவ்வி. பெரியவர்கள் ஜோடி 5 கிலோவாவது இருக்கும். பான்ஃப் சுமார் 130 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 வரை போகலாம்.

முதல் வாரம் மாப்பிள்ளை பின் சீட்டில் ஒரு பகுதியை மடக்கி, டிக்கியிலிருந்து நீட்டி வைத்தார். நுனி முன்சீட்டுகளுக்கு நடுவே, மகளின் முழங்கைக்குப் பக்கத்தில். மடக்கிய சீட்டை ஒட்டிப் பேத்தி, ஓரத்தில் நான். எதையும் கட்டவில்லை. போய்வரும்வரை எனக்கு உயிரே இல்லை.

மாப்பிள்ளையிடம் குறை சொல்வது லேசா? மகளிடம் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பேத்தியின் நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 14 மீட்டர். கீழே விழும் பொருளுக்கு அந்த வேகம் வர 10 மீட்டர் உயரம் வேண்டும். 100 கிலோமீட்டர் என்றால் 20 மீட்டர் அல்ல, ஏறக்குறைய 40. (வேகத்தின் வர்க்கம்! கடைசி பெஞ்ச், ஞாபகம் இருக்கா?) கார் மோதி நின்றாலும் ஸ்கீ நிற்காது.

"மாப்பிள்ளை, மூணாவது மாடியிலிருந்து யாராவது இதைக் கீழே போட்டா, பாப்பாவை அடியில நிக்க விடுவீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூரைக்கு மாட்டுற ஸ்டாண்டு விலை ஜாஸ்தி அத்தை" என்றார். அவர் வேலை மாறியிருந்த நேரம் அது. என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் யாரோ விற்ற பழைய ஸ்டாண்டு ஒன்றோடு வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

கார் புத்தகத்தில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கிறது, அதைப் பார்த்தோம். இரண்டு பலகையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து, ரப்பர் தாடைகளுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். வளைந்த நுனி பின்பக்கம் பார்க்க வேண்டும். "ஏன் பாட்டி?" என்றாள் பேத்தி. முன்னால் பார்த்தால் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும் என்றேன். நம்மூரில் கம்பி ஏற்றிப் போகும் வண்டியில் சிவப்புத் துணி கட்டுவதையும் சொன்னேன், அதற்குத்தான் சிரித்தாள்.

கூரையில் வைத்தால் பெட்ரோல் கூடும், ரோட்டில் போடும் உப்பு தெறித்துத் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாண்டு வாங்க முடியாதவர்கள் பையில் போட்டு, டிக்கித் தரையில் இருக்கும் வளையங்களில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

குளிர்நாட்டில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எப்படி ஏற்றுகிறீர்கள் என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். திட்டமாட்டேன்.