நடுங்கிற கைக்கு ஒரு கிளிக்

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்களே, அதுமாதிரிக் கதைகளைச் சேர்த்து ஜாவாவில் ஒரு வாவி வரைபடம் செய்தோம். ஊரைக் கிளிக் பண்ணினால் கதை கேட்கும். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் ஓவர்தான். எங்கட கைக்கு எல்லாம் வேலை செய்தது. அம்மம்மா நாலு தரம் அமத்தினா, சத்தமே வரல்ல. "எனக்கு இதெல்லாம் சரிவராது மனே" என்று எழும்பப் போனா.

பிழை அவவில இல்ல. அமத்தி விடுறதுக்கிடையில் மவுஸ் நகர்ந்தால் ஜாவா அதை இழுப்பு என்று எடுத்துவிடும், மவுஸ்கிளிக்ட் ஓடாது. வயசான கை நடுங்காதா? மறுகா, மவுஸ்பிரஸ்டில் இடத்தைக் குறித்துவைத்து, மவுஸ்ரிலீஸ்ட் 10 பிக்சலுக்குள் வந்தால் அதுவும் கிளிக்தான் என்று எழுதினோம்.

இப்ப அம்மம்மா, நாங்கள் பதிந்த கதை பிழையாம் என்று சண்டைக்கு நிக்கிறா.